சாவி பாக்கெட்டில் இருந்தாலும் புரொப்பெல்லர் சுற்றும்

இன்னொரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். கீழக்கரைப் பக்கத்துப் பையன், பைலட் பயிற்சியில் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. பார்க்க வந்த குடும்பத்தை விமானத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறான். தங்கச்சி புரொப்பெல்லரை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குகிறாள். போன் போட்டுத் திட்டினால் "சாவி என் பாக்கெட்ல இருந்துச்சு சார்" என்கிறான். தொண்டி, மண்டபம் பக்கமிருந்து போன பிள்ளைகளும் சொல்லிவைத்த மாதிரி இதையேதான் சொல்கிறார்கள். சின்ன விமான இன்ஜின்களைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் கடுப்போடுதான் எழுதுகிறேன்.

தம்பி, அது கார் சாவி இல்லை. செஸ்னா 172 மாதிரி சின்னப் பயிற்சி விமானத்தில் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ பேட்டரியை நம்பி இல்லை, சுற்றினால் தானாகவே பொறி தரும். சாவியை ஆஃப் செய்யும்போது நாம் கரண்டை நிறுத்துவதில்லை. ஒரு ஒயர் வழியாக மேக்னெட்டோவை எர்த் செய்கிறோம், அவ்வளவுதான். அந்த ஒயர் அறுந்தாலோ முனை கழன்றாலோ, சாவி ஆஃபில் இருப்பது மேக்னெட்டோவுக்குத் தெரியவே தெரியாது. நம்ம ஊர் நாட்டுப்படகில் அவுட்போர்டு இன்ஜினின் ஸ்டாப் ஒயர் உப்பில் அரித்துப் போனால் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் இன்ஜின் நிற்காதே, அதே கதைதான். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சமிருந்தால் கையால் லேசாக நகர்த்தினாலே இன்ஜின் உதைக்கும். மெதுவாகத்தானே தள்ளினேன் என்பவர்களுக்கு: மெதுவாகச் சுற்றும்போதும் பலமான பொறி கிடைக்கட்டும் என்றுதான் மேக்னெட்டோவில் இம்பல்ஸ் கப்ளிங் என்ற ஸ்பிரிங் அமைப்பையே வைத்திருக்கிறார்கள்.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது ரன்-அப் (பறக்கும் முன் மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் சோதனை) முடிந்ததும் சிரித்துக்கொண்டே சொல்வது: "ஆர்பிஎம் ஒரு பொட்டுகூட குறையல சார், இன்ஜின் சூப்பர்!" சூப்பர் இல்லை. இன்ஜினில் இரண்டு மேக்னெட்டோ இருக்கும், ஒன்றை நிறுத்தினால் ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுற்றும் வேகம், குறைந்தே ஆக வேண்டும். குறையவில்லை என்றால் நீங்கள் நிறுத்தியது நிற்கவில்லை. 172-இன் ரகத்தைப் பொறுத்து 1700 அல்லது 1800 ஆர்பிஎம்மில் பார்ப்பார்கள். ஒரு பக்கம் 125 அல்லது 150-க்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்குள் இருக்க வேண்டும். உங்கள் விமானத்தின் கையேட்டில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. அளவுக்கு மேல் குறைந்து இன்ஜின் உதறினால் பெரும்பாலும் பிளக்கில் ஈயம் படிந்திருக்கும், மிக்ஸ்சரை, அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவை, குறைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டினால் சரியாகிவிடும். ஆகவில்லையா, திரும்பி வாருங்கள். குறையவே இல்லையா, அப்போதும் திரும்பி வாருங்கள். அதிகம் குறைந்தால் பயப்படுகிறவர்கள் குறையாவிட்டால் கை தட்டுகிறார்கள், இதை எத்தனை தடவைதான் சொல்வது?

சரி, வானத்தில் திடீரென்று இன்ஜின் உதற ஆரம்பித்தால்? முதலில் விமானத்தை ஓட்டுங்கள், மூக்கைக் கரைப் பக்கம் திருப்புங்கள். கார்புரேட்டர் இன்ஜின் என்றால் கார்ப் ஹீட், அதாவது கார்புரேட்டருக்குச் சூடான காற்று கொடுங்கள். நம்ம கடற்காற்றின் ஈரத்துக்கு, வெயில் அடிக்கும்போதும் கார்புரேட்டரில் ஐஸ் கட்டும். ஆனால் அது மெல்ல மெல்ல வரும், மேக்னெட்டோ கோளாறு பெரும்பாலும் சட்டென்று வரும். மிக்ஸ்சரைக் கூட்டிப் பாருங்கள். அப்புறம் சாவியை போத்திலிருந்து (இரண்டு மேக்னெட்டோவும் ஓடும் நிலை) லெஃப்ட், ரைட் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், அவசரத்தில் ஆஃப் வரை இழுத்துவிடாமல். ஒரு பக்கம் வைத்ததும் இன்ஜின் அடங்கினால் உடனே போத்துக்கு வந்துவிடுங்கள். மறுபக்கத்தில் சீராக ஓடினால் சாவியை அங்கேயே விட்டுவிட்டு அருகில் உள்ள ரன்வேக்குப் போங்கள். "ஒன்றில்தான் நன்றாக ஓடுகிறதே" என்று மிச்சப் பயணத்தை முடிக்க நினைக்காதீர்கள், இனி உங்களிடம் உபரி எதுவும் இல்லை.

கடலோரமாகப் பறப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. காற்றில்லாத நேரத்தில், இன்ஜின் நின்ற 172 ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஒன்றரை நாட்டிகல் மைல் சறுக்கும், 3000 அடியில் எட்டுக் கிலோமீட்டர் என்று வையுங்கள். காற்று இதைத் தின்னும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் வாடை அடிக்கும் மாதங்களில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது, கரைக்குத் திரும்பினால் எதிர்க்காற்று. தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் கச்சான் (மேற்குக் காற்று) காலத்தில் அதே நிலை. இந்த எட்டை மனப்பாடம் செய்துகொண்டு பாம்பன் பாலத்தைப் படம் எடுக்கக் கடலுக்குள் ஒதுங்கிப் போகாதீர்கள். உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து, சாதாரண நாளில் அனுமதியில்லாமல் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. இன்ஜின் சாகும்போது ரேடியோவில் "மேடே" என்று ஆபத்துக் குரல் கொடுத்துவிட்டு இறங்குங்கள், விசாரணையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தனுஷ்கோடி மணலைப் பார்த்து ஏமாற வேண்டாம், சக்கரம் புதைந்து குப்புறக் கவிழ்த்துவிடும்.

இறங்கி நிறுத்துவதற்கு முன்னால் ஐட்லில் வைத்துச் சாவியை ஒரு கணம் ஆஃப் செய்து பாருங்கள். இன்ஜின் அடங்கத் தொடங்கினால் நல்லது, உடனே போத்துக்குத் திருப்பிவிட்டு மிக்ஸ்சரை இழுத்து நிறுத்துங்கள். அடங்காவிட்டால், ஸ்நாக் (கோளாறுக் குறிப்பு) எழுதினால் இன்ஸ்ட்ரக்டர் முகம் சுளிப்பார் என்று பயந்து வாயை மூடிக்கொண்டு போகாதீர்கள். டெக் லாகில், அதாவது விமானத்தின் பதிவேட்டில், எழுதுங்கள், புரொப்பெல்லரில் ஒரு அட்டையைக் கட்டுங்கள், அடுத்து வருபவரிடம் வாய்விட்டும் சொல்லுங்கள். குடும்பத்தோடு படம் வேண்டுமா, தாராளமாக எடுங்கள், வால் பக்கம் நின்று.