டூரிங் கார் என்றால் சுற்றுலா வண்டியா?

டூரிங் என்றதும் கொஞ்சம் வயதானவர்களுக்கு டூரிங் டாக்கீஸ் ஞாபகம் வரும், மற்றவர்களுக்குக் கொடைக்கானல் போகும் வேன். அதனாலோ என்னவோ, 'டூரிங் கார் சாம்பியன்ஷிப்' என்ற கார்ப் பந்தயத் தொடரைச் 'சுற்றுலா மகிழுந்துப் போட்டி' என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கிறவர் பாவம், ஊர் சுற்றுகிறவர்களுக்குள் என்ன போட்டி என்று முழிப்பார்.

சொல்லின் வேர் பிரெஞ்சு 'தூர்'. அதற்கும் பின்னால் போனால் லத்தீன், கிரேக்கம் வழியாகக் கடைசல் இயந்திரத்தில் போய் நிற்கும். சுழல்வது, சுற்றி வருவது, பிறகு பயணம் என்று பொருள் நகர்ந்திருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் டூரிங் கார் என்றால் இரண்டு வரிசை இருக்கையுடன், மேலே திறந்தபடி, நாலைந்து பேர் தூரப் பயணம் போகக் கட்டிய கார். ஃபோர்டு மாடல் டி இந்த வடிவத்தில் ஏராளமாக விற்றது. பந்தயக்காரர்கள் சொல்லை எடுத்துக்கொண்டபோது திறந்த கூரை போய்விட்டது, 'ஆட்கள் பயணம் போக விற்கும் கார்' என்ற கருத்து மட்டும் தங்கியது. அதாவது ஃபார்முலா 1 போல ஒருவர் மட்டும் உட்காரும் வண்டி இல்லை. பிரிட்டனில் 1958இல் தொடங்கிய போட்டிக்கே 1987 வரை 'சலூன் கார்', அதாவது கூரை மூடிய கார், என்றுதான் பெயர் (நம்மூரில் சலூனுக்குப் போனால் முடிதான் வெட்டுவார்கள், அது தனிக் கதை).

இந்தப் பந்தயம் எப்படிப்பட்டது என்று தெரிய இத்தாலியப் பந்தய ஓட்டுநர் கேப்ரியேலே தர்குவினியைப் பார்த்தால் போதும். ஃபார்முலா 1இல் 78 முறை பெயர் கொடுத்து 38 முறைதான் பந்தயத்தில் ஓடினார். சின்ன அணிகளுக்கு அப்போது வெள்ளிக்கிழமை காலையிலேயே ஒரு முன்தகுதிச் சுற்று இருந்தது, அதில் தோற்றால் அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே அவர் எடுத்த மொத்தப் புள்ளி ஒன்றே ஒன்று, 1989 மெக்சிகோவில் ஆறாவதாக வந்ததற்கு.

அதே மனிதர் 1994இல் ஆல்ஃபா ரோமியோ 155உடன் பிரிட்டனின் டூரிங் கார் போட்டிக்குப் போய் முதல் ஐந்து பந்தயங்களையும் வென்றார். அந்தக் காரின் பின்னிறக்கை (காற்றின் உதவியால் காரைத் தரையோடு அழுத்தும் பின்பக்கப் பலகை) பெரிய சண்டையானது. கடையில் விற்கும் காரில் இல்லாத இறக்கையைப் பந்தயக் காரில் மாட்டக் கூடாது என்பது விதி. ஆல்ஃபாவோ அதற்கென்றே ஒரு சிறப்புப் பதிப்பை விற்று, கூடுதல் இறக்கைப் பாகங்களையும் வாங்குபவருக்கே கொடுத்துவிட்டது! எதிரணிகள் முறையிட, ஒரு கட்டத்தில் ஆல்ஃபா பந்தயத்தையே விட்டுக் கிளம்பியது, அப்புறம் திரும்பியும் வந்தது. பட்டம் தர்குவினிக்குத்தான். என்னைக் கேட்டால் டூரிங் கார் என்ற சொல்லின் முழுப் பொருளும் இந்தத் தகராறில் இருக்கிறது. தெருவில் ஓடும் காருக்கும் தடத்தில் ஓடும் காருக்கும் உள்ள தொப்புள்கொடியைப் பற்றித்தானே அத்தனை வாதமும்.

2003இல் ஐரோப்பியப் பட்டம். 2009இல் டீசல் எஞ்சின் சியட் லியோனில், 47 வயதில், உலகப் பட்டம். 2018இல் ஹூண்டாய் ஐ30 என் காரில், 56 வயதில், சீனாவின் மக்காவ் நகரில் நடந்த கடைசிச் சுற்று வரை இழுத்து, இவான் முல்லரை மூன்றே புள்ளியில் முந்தி உலகக் கோப்பை. அந்தக் காரை முன்பே ஓட்டிச் சோதித்து உருவாக்கியதிலும் அவர் கை இருந்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'உலா' வந்தாலே பொழுதுபோக்கு வாசனை அடிக்கும், அதனால் 'சுற்றுலா' வேண்டாம். 'சாலைக் கார்ப் பந்தயம்' என்றால் பந்தயம் சாலையில் நடப்பதாக நினைப்பார்கள். 'வீட்டுக் கார்' என்று ஒருவர் சொன்னார், வேகமாகச் சொல்லிப் பாருங்கள், கணவர் வந்து நிற்பார். எனக்குப் பிடித்தது 'பயண மகிழுந்து'. மூலச்சொல்லின் பயணமும் இருக்கிறது, உல்லாசமும் ஒட்டவில்லை. இத்தாலியரின் 'கிரான் தூரிஸ்மோ', அதாவது தூரப் பயணத்துக்கான வேகக் காரான ஜிடி, அதையும் 'பெரும்பயண மகிழுந்து' என்று பக்கத்திலேயே உட்கார வைக்கலாம். சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் 'இந்தியன் டூரிங் கார்' மாதிரிப் பிரிவுப் பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே விடுங்கள், இல்லையென்றால் முடிவுப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.