டிரெய்லர் கழற்றும் முன் டயருக்குக் கட்டை

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் பயண டிரெய்லர் வைத்திருப்பவர்களிடம் எதற்குப் பயம் என்று கேட்டால் நெடுஞ்சாலையைத்தான் சொல்வார்கள். பக்கக் காற்று, லாரி கடக்கும்போது வரும் ஆட்டம், இறக்கத்தில் பிரேக் சூடாவது. பயம் நியாயமானதுதான். ஆனால் பழுதுபார்க்க வரும் டிரெய்லர்களில் நான் அடிக்கடி பார்க்கும் வளைந்த ஜாக்கியும் (டிரெய்லரின் முன்பகுதியைத் தூக்கும் கால்), காரின் பின்கதவில் விழுந்த பள்ளமும் ஓடும்போது வந்தவை அல்ல. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது, பூட்டுகிற அல்லது கழற்றுகிற அந்தச் சில நிமிடங்களில் வந்தவை.

அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளச் சொல்வேன்: இந்த நொடியில் டிரெய்லரைப் பிடித்து நிறுத்தியிருப்பது எது?

பூட்டியிருக்கும்வரை பதில் சுலபம், இழுக்கும் வண்டியின் பிரேக். டிரெய்லரின் முன்முனையில் இருக்கும் கிண்ணம்தான் கப்ளர். அது காரின் பின்னால் இருக்கும் உலோகப் பந்தின்மேல் உட்காரும். கப்ளர் பந்தை விட்டு மேலே எழும்பியதும் அந்தப் பிடி போய்விடுகிறது. ஐரோப்பிய கேரவன்களில் தனி ஹேண்ட்பிரேக் இருக்கும். வட அமெரிக்க வகைகளில் பெரும்பாலும் இருக்காது. ஜாக்கி தாங்கும் என்று நினைக்காதீர்கள். அது எடையை மேலே தூக்கத்தான். டிரெய்லர் உருளத் தொடங்கினால் பக்கவாட்டில் மடங்கிவிடும். எனவே கப்ளரைப் பந்தோடு பூட்டும் தாழைத் தொடுவதற்கு முன்பே கட்டை வைத்தாக வேண்டும். இரு பக்க டயர்களுக்கும், முன்னும் பின்னும், டயரோடு ஒட்டி. தரை சமமாகத்தானே இருக்கிறது என்று விடுவது கண்ணை நம்புவது. இரட்டை அச்சு டிரெய்லரில் இரண்டு டயர்களுக்கு நடுவே இறுக்கும் கருவி ஆட்டத்தைக் குறைக்கும், ஆனால் கட்டைக்கு மாற்று ஆகாது.

இடவல மட்டத்தை அதற்கும் முன்பே பார்த்துவிடுங்கள். டயருக்கு அடியில் பலகை வைக்க வேண்டுமானால் வண்டியோடு இருக்கும்போதுதான் முடியும். முன்பின் மட்டத்தைக் கழற்றிய பிறகு ஜாக்கியால் சரிசெய்யலாம்.

தாழ் திறக்க மறுத்தால் சுத்தியலை எடுக்கிறார்கள். பெரும்பாலும் தாழில் கோளாறு இருக்காது. கப்ளர் பந்தை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருக்கும். கட்டை வைத்தபின் காரை நியூட்ரலில் போட்டு, கால் பிரேக்கை மெதுவாக விட்டு, டிரெய்லரின் பாரம் கட்டையில் சாயவிடுங்கள். அப்புறம் ஹேண்ட்பிரேக் போட்டால் தாழ் விரலுக்கே திறக்கும். டிரெய்லரைக் காரோடு இணைக்கும் பாதுகாப்புச் சங்கிலியை அப்போதே அவிழ்த்துவிடாதீர்கள். கப்ளர் பந்தை விட்டு எழும்பி, டிரெய்லர் அசையவில்லை என்று பார்த்த பிறகு அவிழ்த்தால் போதும். கட்டை வழுக்கினாலும் சங்கிலி பிடித்துக்கொள்ளும்.

எடையைப் பகிரும் கம்பிகள் வைத்த ஹிட்ச் (இணைப்புக் கருவி) என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அந்தக் கம்பிகள் வளைந்து விசையோடு நிற்கும். அப்படியே விடுவித்தால் எகிறி முகத்திலோ முழங்காலிலோ அடிக்கும். கப்ளர் பூட்டியிருக்கும்போதே ஜாக்கியை உயர்த்தி, காரின் பின்பக்கத்தையும் சேர்த்துக் கொஞ்சம் தூக்கினால் கம்பி தளர்ந்துவிடும்.

இனி பூட்டுவது. முதலில் பந்தின் அளவு. வட அமெரிக்காவில் 1⅞, 2, 2⁵⁄₁₆ அங்குலம் என்று மூன்று அளவுகள் சாதாரணமாகப் புழங்குகின்றன. ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர். பெரிய கப்ளருக்குள் சிறிய பந்து போனாலும் தாழ் விழும், தாழில் செருகும் பின்னையும் (pin) போடலாம். பார்வைக்கு எல்லாம் சரி. முதல் பெரிய மேடு பள்ளத்தில் கப்ளர் எழும்பி வெளியே வந்துவிடும். பந்திலும் கப்ளரிலும் அளவு பொறித்திருக்கும், இரண்டையும் படித்துப் பாருங்கள்.

சரியான அளவானாலும் தாழ் பந்துக்கு அடியில் பிடிக்காமல் மேலேயே உட்கார்ந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஜாக்கியைத் திரும்ப உயர்த்திப் பாருங்கள். காரின் பின்பக்கம் சேர்ந்து எழும்பினால் பூட்டியிருக்கிறது. ஓரிரு அங்குலம் போதும். அதற்கு மேல் தூக்கினால் பின்சக்கரங்கள் தரைப் பிடியை இழக்கும். பல வண்டிகளில் ஹேண்ட்பிரேக் வேலை செய்வதே பின்சக்கரங்களில்தான். இந்தச் சோதனைக்கும் கட்டை அப்படியே இருக்கட்டும்.

சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். கப்ளர் கழன்றால் முன்பகுதி சாலையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியில் விழும். திருப்பத்துக்குத் தளர்வு வேண்டும், ஆனால் தரையில் உரசக் கூடாது. டிரெய்லர் கழன்றால் இழுபட்டு அதன் பிரேக்கைப் போடவைக்கும் அவசர பிரேக் கேபிளைச் சங்கிலியில் மாட்டுகிறவர்கள் உண்டு, கழற்றி மாட்டும் பந்துத் தண்டில் மாட்டுகிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு. தண்டே உருவி வந்தால் கேபிளும் கூடவே போய்விடும், அவசர சுவிட்சில் செருகியிருக்கும் பின் (pin) உருவப்படாது. காரின் சட்டத்தோடு தனியாக மாட்டுங்கள். மின்பிரேக் உள்ள டிரெய்லரில், கேபிள் அந்தப் பின்னை உருவினால் டிரெய்லரின் 12 வோல்ட் பேட்டரி பிரேக்கைப் பிடிக்கும். பேட்டரி செத்திருந்தால் கேபிள் இருந்தும் பயனில்லை. நிறுத்தி வைப்பதற்கு அந்தப் பின்னை உருவுவதும் வேண்டாம். பேட்டரி காலியாகும், பிரேக்கின் மின்காந்தம் சூடாகிக் கெடும்.

பின்னால் வரச்சொல்லி வழி காட்டுகிறவர் எங்கே நிற்கிறார் என்பது எனக்கு எப்போதும் கவலை. காருக்கும் டிரெய்லருக்கும் இடையில் யாரும் நிற்கக் கூடாது. ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி பக்கத்தில் நிற்க வேண்டும். தெரியவில்லையென்றால் ஓட்டுநர் உடனே நிறுத்த வேண்டும். பந்து பொருந்துகிறதா என்று கப்ளருக்கு அடியில் விரல் விட்டுத் தடவிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம்.

பாரம் ஏற்றும் விதமும் இதில் சேரும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின்மேல் இறங்க வேண்டும் என்பது வட அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பாவில் இதைவிடக் குறைவு. கனமான சாமான்களையெல்லாம் பின்பக்கம் அடுக்கினால் சாலையில் வால் ஆடும் என்று பலருக்குத் தெரியும். கழற்றும்போது தாழைத் திறந்த நொடியில் முன்பகுதி சட்டென்று மேலே எகிறும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. அப்போது குனிந்து தாழைப் பிடித்திருப்பவரின் தாடைதான் முதலில் அதன் வழியில் இருக்கும்.

பூட்டி முடித்ததும் விளக்குகளை ஒருமுறை பாருங்கள், ஜாக்கியும் நிலைநிறுத்தும் கால்களும் முழுக்க மேலே ஏறியிருக்கட்டும், கட்டைகளை எடுத்து உள்ளே வையுங்கள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து பாருங்கள். சில கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி, தாழ், தாழின் பின், சங்கிலி, மின் பிளக் நான்கையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.