ஃபவுண்ட்ரி: சில்லுத் தொழிலில் இதற்கு என்ன பொருள்?

ஃபவுண்ட்ரி என்றதும் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றி பம்ப்செட் உறுப்புகளை எடுக்கும் பட்டறைதான் நினைவுக்கு வரும். சொல்லின் மூல அர்த்தமும் அதுதான். லத்தீனில் ‘ஃபுண்டெரே’ என்றால் ஊற்றுதல், அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம் வார்ப்படச்சாலையில் இருக்கும் ‘வார்’ என்பதற்கும் அதே பொருள்.

ஆனால் தைவான் பற்றிய செய்திகளில் வரும் ஃபவுண்ட்ரியில் யாரும் உலோகத்தை அச்சில் ஊற்றுவதில்லை. சிலிக்கான் வில்லையின் மேல் ஒளியால் வடிவம் பதித்து, அரித்து, படலம் படலமாகச் சில்லு, அதாவது சிப், செய்கிறார்கள். அடுத்தவர் கொடுத்த வடிவத்தை அப்படியே செய்து தருவது இரண்டு இடத்திலும் உண்டு, பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

இந்த அர்த்தத்தை உலகம் முழுக்க நிலைநிறுத்தியது தைவான்தான். 1974-இல் தைபேயின் ஒரு சோயாப்பால் கடையில் பொருளாதார அமைச்சர் சுன் யுன்-சுவானும், அமெரிக்காவின் ஆர்சிஏ என்ற மின்னணு நிறுவனத்தில் இருந்த பான் வென்-யுவானும் இன்னும் சிலரும் காலை உணவோடு பேசியதில்தான் சில்லுத் தொழிலில் இறங்கும் திட்டம் உருவானது. 1976-இல் ஆர்சிஏவிடமிருந்து தொழில்நுட்பம் வாங்கினார்கள், 1980-இல் சின்ச்சு அறிவியல் பூங்கா வந்தது, அப்புறம் 1987-இல் மோரிஸ் சாங் டிஎஸ்எம்சி என்ற சில்லு நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் செய்த பெரிய காரியம், சொந்தப் பெயரில் சில்லு விற்பதில்லை, பிறருக்குச் செய்துகொடுப்பது மட்டும்தான் என்று முடிவெடுத்தது. அதுவரை சொந்த ஆலை இல்லாத வடிவமைப்பாளர்கள் பெரிய நிறுவனங்களின் ஆலையில் இடம் கேட்டு நிற்க வேண்டும், அந்த நிறுவனமே நாளைக்குப் போட்டியாளராகவும் வரும். அந்தப் பயம் போனதால்தான் என்விடியா, குவால்காம் போன்ற சில்லு வடிவமைப்பு நிறுவனங்களால் ஆலையே இல்லாமல் வளர முடிந்தது.

சீன மொழியில் இதை ‘தாய்கோங்’ என்கிறார்கள், பிறருக்காகச் செய்துகொடுக்கும் வேலை என்று பொருள். திருப்பூரில் ஜாப் ஒர்க் என்று சொல்வது கிட்டத்தட்ட இதுதான். அதனால் தமிழில் ‘சில்லு வார்ப்பகம்’ என்பதைவிட ‘ஒப்பந்தச் சில்லு ஆலை’ என்பதே சரி என்பேன், முதலாவது ஆங்கிலச் சொல்லின் நிழலை மட்டும்தான் பிடிக்கிறது.

‘ஃபேப்’ என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சில்லு செய்யும் எந்த ஆலையும் ஃபேப்தான், சொந்தச் சில்லு செய்தாலும் சரி. தென்கொரியாவின் சாம்சங் தன் நினைவகச் சில்லுகளைச் செய்யும் இடம் ஃபேப். பிற நிறுவனங்களின் வடிவமைப்பை வாங்கிச் செய்துகொடுக்கும் அதன் பிரிவுதான் ஃபவுண்ட்ரி.