சூடு பண்ணினாலும் போகாத நஞ்சு

1975 பிப்ரவரி 3. டோக்கியோவில் இருந்து அலாஸ்கா வழியாகப் பாரிஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 747 விமானம் கோபன்ஹேகனில் இறங்கக் கொஞ்ச நேரமே இருந்தது. காலை உணவாக ஹாம் (பதப்படுத்திய பன்றி இறைச்சி) வைத்த ஆம்லெட் சாப்பிட்டிருந்தவர்கள் வரிசையாக வாந்தி எடுக்கத் தொடங்கினார்கள். 344 பயணிகளில் 196 பேருக்கும், பணிப்பெண் ஒருவருக்கும் உடம்பு கெட்டது. 144 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. நல்லவேளை, விமானிகள் ஆம்லெட்டைத் தொடவில்லை. அலாஸ்காவில் ஏறிய அவர்களுக்கு அது இரவுச் சாப்பாட்டு நேரம் என்பதால் வேறு உணவு சாப்பிட்டிருந்தார்கள்.

சாப்பாடு ஏறியதும் அலாஸ்காவின் ஆங்கரேஜில்தான். அங்கே ஹாமைக் கையாண்ட சமையல்காரர் ஒருவரின் விரல்களில் சீழ் வைத்த கொப்புளங்கள் இருந்தன. அதில் இருந்த கிருமிதான் ஹாமிலும் இருந்தது: ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்.

அவருக்காவது கண்ணுக்குத் தெரிகிற புண் இருந்தது. ஆரோக்கியமானவர்களிலேயே ஏறக்குறைய 10 பேரில் 3 பேர் இந்தக் கிருமியை மூக்கின் முன்பகுதியில் வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறார்கள். சளி, காய்ச்சல், வலி எதுவும் இருக்காது. மூக்கைத் தேய்த்த விரல் அடுத்துத் தொடுகிற பொருளுக்குக் கிருமி போய்விடும். கையுறை போட்டிருந்தாலும் இதே கதைதான். அதே கையுறையோடுதானே மூக்கைச் சொறிகிறோம்!

எல்லா ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியும் வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் செய்வதில்லை. அதற்கான மரபணு உள்ள வகைகள் மட்டுமே செய்யும். உணவு நஞ்சாவதில் அதிகம் சிக்குகிற ‘ஏ’ வகை நஞ்சின் மரபணு, உண்மையில் கிருமிக்குச் சொந்தமானதே அல்ல. பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ் உள்ளே நுழைந்து, தன் மரபணுத் தொகுப்பை அங்கேயே விட்டுவைத்த சொத்து அது.

கிருமி உணவில் விழுந்தவுடனே ஆபத்து வந்துவிடாது. ஒரு கிராமுக்கு லட்சம் அளவில் பெருகினால்தான் தொல்லை தரும் அளவுக்கு நஞ்சு சேரும். வெதுவெதுப்பான இடத்தில் அரை மணிக்கு ஒரு தடவை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 5 மணி நேரத்தில் ஒன்று ஆயிரமாகிவிடும். பச்சை இறைச்சியில் போட்டிக் கிருமிகள் ஏராளம், அங்கே இதன் பாச்சா பலிக்காது. சமைத்த உணவிலோ போட்டியாளர்கள் வெந்து செத்திருப்பார்கள். அதன்பிறகு கை பட்டால் காலி மைதானம். மற்றக் கிருமிகள் பலவற்றை அடக்கிவிடும் உப்பையும் சர்க்கரையையும்கூட இது தாங்கிக்கொள்ளும். அதனால்தான் உப்பிட்ட ஹாமும், நம் ஊரில் காய்ச்சி இறக்கியபின் கையால் உருட்டுகிற பால்கோவா மாதிரி இனிப்புகளும் இதற்குத் தோது. மணமும் ருசியும் மாறாது, மூக்கும் நாக்கும் காட்டிக்கொடுக்காது.

அந்த ஹாம் சமையல்கூடத்தில் 6 மணி நேரம் வெளியிலேயே இருந்தது. பிறகு 10 டிகிரியில் பதினாலரை மணி நேரம். 10 டிகிரி என்பது குளிர்சாதனம் என்று பெயருக்குச் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அப்புறம் விமானத்தின் அடுப்புக்குள் குளிரூட்டாமல் இன்னும் 8 மணி நேரம். பரிமாறும் முன் சூடாக்கத்தான் செய்தார்கள். பயன் இல்லை.

ஏன் என்றால், சூட்டில் சாவது கிருமி மட்டும். அது உணவில் கக்கி வைத்த நஞ்சு ஒரு புரதம். முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் கெட்டியாவதுபோல் பெரும்பாலான புரதங்கள் சூட்டில் உருக்குலைந்துவிடும். இதுவோ இறுக்கமாக மடிந்த மூலக்கூறு. கொதிக்கிற தண்ணீரையும் தாங்கும், வயிற்றில் புரதத்தை வெட்டும் பெப்சினையும் தாங்கும். ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு உள்ளே போனாலே போதும், ஆளைக் கவிழ்த்துவிடும்.

குடலுக்குப் போன நஞ்சு அங்குள்ள சில செல்களைத் தூண்டி செரடோனின் என்ற சேதி சொல்லும் வேதிப்பொருளை வெளியேற்ற வைக்கிறது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு அந்தச் சேதியை மூளையின் வாந்தி மையத்துக்குக் கொண்டுபோகிறது. கிருமி உடம்புக்குள் பெருகத் தேவையில்லை, நஞ்சு தயாராகவே வந்துவிட்டது. அதனால்தான் சாப்பிட்டுச் சில மணி நேரத்துக்குள், சில சமயம் அரை மணியிலேயே வாந்தி. சால்மொனெல்லா என்றால் பெரும்பாலும் அரை நாளாவது ஆகும். ஆன்டிபயாடிக் இங்கே வீண். உப்பு-சர்க்கரைக் கரைசல் குடித்துச் சமாளித்தால் பெரும்பாலானோருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். குழந்தைகளும் முதியவர்களும் நீர் வற்றிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வகத்தில் பேர்ட்-பார்க்கர் என்ற வளர்ப்பு ஊடகத்தில் இந்தக் கிருமியை வளர்ப்பார்கள். முட்டை மஞ்சள்கரு கலந்த அந்தத் தட்டில் பளபளக்கும் கறுப்புப் பொட்டுகள் தோன்றும். ஒவ்வொன்றையும் சுற்றித் தெளிந்த வளையம். ஆனால் சூடாக்கிய உணவை வைத்தால் தட்டு காலியாகவே இருக்கக்கூடும். 2000-இல் ஜப்பானில் 13,000-க்கும் அதிகமானோரைப் படுக்க வைத்த ஸ்னோ பிராண்ட் பால் விவகாரத்தில் நடந்தது இதுதான். ஹொக்கைடோவில் இருந்த தொழிற்சாலையில் மின்சாரம் போய்ப் பால் சில மணி நேரம் வெதுவெதுப்பாக நின்றது. பதப்படுத்தியதில் கிருமி செத்தது, நஞ்சு பால் பவுடரில் தங்கிவிட்டது.

நம் நாட்டில் உணவுத் தொழிலாளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை கட்டாயம். மூக்கையும் சோதித்து, கிருமி இருப்பவர்களை வெளியேற்றினால் என்ன? பத்தில் மூன்று பேரை அனுப்பிவிட்டு எந்த ஹோட்டலும் நடத்த முடியாது. மருந்து போட்டு விரட்டினாலும் பலருக்குக் கிருமி திரும்ப வந்துவிடுகிறது. புண் இருப்பவரைச் சமையலில் இருந்து தள்ளி வைப்பது நியாயம். மற்றவர்களிடம் கை கழுவுவதைத்தான் கேட்க முடியும். மிச்ச வேலை வெப்பத்தினுடையது: சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ். அண்டா நிறையக் குருமாவை அப்படியே ஃபிரிட்ஜில் தூக்கி வைத்தால் அதன் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அகலமான தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி வையுங்கள்.