மோட்டார்வேல கேமரா பளிச்சுன்னு அடிச்சிடுச்சா? வரப்போற லெட்டரை என்ன பண்ணணும்

லண்டனைச் சுத்திப் போற எம்25 மோட்டார்வேல ராத்திரி பத்து மணிக்கு வந்துட்டு இருக்கீங்க, ரோடு காலி, பாட்டு ஓடுது, திடீர்னு பின்னாடி கண்ணாடில பளிச்சுன்னு ஒரு வெளிச்சம். அப்பதான் மீட்டரைப் பாக்குறீங்க, 82 மைல். அதுக்கப்புறம் வீடு வந்து சேர்ற வரைக்கும் 60ல தான் ஓட்டுவோம், ஆனா தூக்கம் போயிடும். லைசென்ஸ் போயிடுமா, வேலைக்குத் தெரியுமா, விசாவுக்கு ஏதாவது ஆயிடுமான்னு மனசு ஓடிக்கிட்டே இருக்கும். எனக்கும் நடந்திருக்கு, ரெண்டு வாரம் வாசல்ல தபால் விழுற சத்தம் கேட்டாலே வயித்தைக் கலக்கும். அதனால எனக்குத் தெரிஞ்சதை முழுசா எழுதிடறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்துற நடைமுறை, ஸ்காட்லாந்துலயும் வடக்கு அயர்லாந்துலயும் சில விஷயம் வேற மாதிரி.

முதல்ல, நிஜமாவே மாட்டினீங்களான்னு பாக்கணும். மோட்டார்வேல காருக்கு லிமிட் 70 மைல், பின்னாடி டிரெய்லர் இழுத்தா 60. சட்டப்படி 71 போனாலே குத்தம் தான், ஆனா போலீஸ் தலைமை அதிகாரிகள் கவுன்சிலோட வழிகாட்டுதல் என்னன்னா லிமிட்டோட பத்து சதவீதம், அதுக்கு மேல இன்னொரு 2 மைல், அதுல இருந்து தான் நடவடிக்கை. அதாவது 70 லிமிட்ல 79. இது வழிகாட்டுதல் மட்டும் தான், நம்ம உரிமை இல்ல, அதுக்குக் கீழயும் அவங்க எடுக்கலாம், ஆனா வழக்கமா அந்தக் கணக்குல தான் போகுது. இன்னொரு ஆறுதலான விஷயம், ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தை விடக் குறைச்சுக் காட்டவே கூடாதுன்னு சட்டம் இருக்கு, கூட்டிக் காட்டலாம். அதனால நீங்க பாத்த 82, நிஜத்துல 78, 79 பக்கத்துல கூட இருந்திருக்கலாம்.

ஆனா நேரத்துக்கு ஏத்த மாதிரி லிமிட்டைப் போர்டுல மாத்துற ஸ்மார்ட் மோட்டார்வேல இந்தக் கணக்கு அப்படியே மாறிடும், நெறைய பேர் மாட்டுறது அங்க தான். எம்25, எம்1, எம்6 மாதிரி ரோட்டுல மேல பாலம் மாதிரி இருக்கிற போர்டுல சிவப்பு வட்டத்துக்குள்ள 50னு எரிஞ்சா அது ஆலோசனை இல்ல, அந்த நேரத்துக்கு அது தான் சட்டப்படி லிமிட். நீங்க 68ல நிதானமாப் போறதா நெனச்சுட்டு இருப்பீங்க, கேமராவுக்கு நீங்க 18 மைல் அதிகம். அதே மாதிரி ரோடு வேலை நடக்கிற இடத்துல சராசரி வேகம் பாக்குற மஞ்சள் கேமரா இருக்கும், அது பளிச்சுன்னு அடிக்கவே அடிக்காது, ஒரு கேமராவுல இருந்து அடுத்த கேமராவுக்கு எவ்ளோ நேரத்துல வந்தீங்கன்னு கணக்குப் பாத்துடும். வெளிச்சம் வரலைன்னா தப்பிச்சோம்னு அர்த்தமில்ல.

சரி, லெட்டர் எப்ப வரும்? போலீஸ் அங்கயே நிறுத்தி, வழக்கு வரலாம்னு வாயால எச்சரிச்சிருந்தா லெட்டர் தேவையே இல்ல. கேமரான்னா, வழக்கு போட உத்தேசம்னு சொல்ற நோட்டீஸ் 14 நாளுக்குள்ள வரணும், தப்பு நடந்த நாளைக் கணக்குல சேர்க்காம. 14 நாள் தாண்டிட்டா தப்பிச்சோம்னு பல பேர் சொல்லுவாங்க, அதுல பாதி தான் உண்மை. அந்த 14 நாள் வண்டியோட பதிவுல இருக்கிற ஆளுக்கு மட்டும். கம்பெனி வண்டி, லீஸ் வண்டி, வாடகை வண்டின்னா முதல் நோட்டீஸ் அந்தக் கம்பெனிக்குப் போகும், அவங்க உங்க பேரைச் சொல்லி, அதுக்கப்புறம் உங்களுக்கு வர்றதுக்கு ரெண்டு மாசம் கூட ஆகலாம், அது செல்லும். பதிவு உங்க பேர்ல இருந்து, அவங்க நேரத்துக்கு அனுப்பியிருந்தா, எனக்கு வந்து சேரலைன்னு நிரூபிக்க வேண்டிய பாரமும் நம்ம தலையில தான். லேட்டா வந்தாலும் யார் ஓட்டினாங்கன்னு பதில் சொல்ற கடமை மட்டும் போகவே போகாது, அதைத் தனியா மனசுல வச்சுக்கோங்க.

இங்க ஒரு விஷயம் கெஞ்சிக் கேக்குறேன், வீடு மாறினா லாக்புக்ல, அதாவது வண்டிப் பதிவுப் பேப்பர்ல, அட்ரஸ் மாத்துங்க, லைசென்ஸ்லயும் மாத்துங்க, ரெண்டும் தனித்தனி. நம்ம ஆளுங்க படிக்க வந்த புதுசுல வருஷத்துக்கு ஒரு ரூம் மாறுவோம், பழைய வீட்டுல வந்த லெட்டரை யாரோ குப்பையில போட்டிருப்பாங்க, அது தெரியாமயே கோர்ட் வரைக்கும் போய் முடிஞ்சிருக்கும். அட்ரஸ் மாத்தாததுக்கே 1000 பவுண்ட் வரைக்கும் ஃபைன் போடலாம்.

லெட்டர் வந்துடுச்சுன்னா பதறாதீங்க. அது ஃபைன் இல்ல, தண்டனையும் இல்ல, அந்த நேரத்துல வண்டியை யார் ஓட்டினாங்கன்னு கேக்குற ஃபார்ம் அவ்ளோ தான். 28 நாளுக்குள்ள பதில் சொல்லணும், 1988ம் வருஷத்து சாலைப் போக்குவரத்துச் சட்டம் 172வது பிரிவு. பேப்பர்ல அனுப்பினா கையெழுத்து கட்டாயம், கையெழுத்து இல்லாத ஃபார்ம் பதிலே சொல்லாததுக்குச் சமம். யார் ஓட்டினாங்கன்னு ஞாபகம் இல்லைன்னா போட்டோ கேக்கலாம், நெறைய இடத்துல ஆன்லைன்லயே பாத்துக்கலாம், ஆனா போட்டோ கேட்டேன்னு சொல்லி அந்த 28 நாள் நிக்காது.

பதிலே சொல்லலைன்னா என்ன ஆகும்னா, லைசென்ஸ்ல ஏறுற தண்டனைப் பாயிண்ட் 6, கூட 1000 பவுண்ட் வரைக்கும் ஃபைன். வேகமாப் போனதுக்கு 3 பாயிண்ட்டோட முடிஞ்சிருக்கும், இல்ல வேகத்தைப் பத்திச் சொல்லிக் குடுக்குற ஒரு கோர்ஸோட பாயிண்ட்டே இல்லாம முடிஞ்சிருக்கும், லெட்டரை டிராயர்ல போட்டதுக்கு அதை விட ரெண்டு மடங்கு. பயத்துல திறக்காமயே வைக்கிற ஆளுங்க இருக்காங்க, அந்தப் பயம் எனக்குப் புரியுது, ஆனா இந்த முழு விஷயத்துலயும் நமக்கு நாமே பண்ணிக்கிற பெரிய கெடுதல் அது தான்.

அதை விட மோசமானது ஒண்ணு இருக்கு, பொய்ப் பேர் குடுக்குறது. "எனக்குப் பாயிண்ட்டே இல்ல, என் பேர்ல போட்டுக்கோ மச்சான்"னு சொல்ற நல்ல மனசுக்காரங்க நம்ம கூட்டத்துல நெறைய, புருஷனுக்காகப் பொண்டாட்டி, தம்பிக்காக அண்ணன்னு. தயவு செஞ்சு பண்ணாதீங்க. அது போக்குவரத்துக் குத்தம் இல்ல, நீதியைத் திசைதிருப்புற குத்தம், ஜெயில் தான். கிறிஸ் ஹியூன்னு ஒரு அரசியல்வாதி 2003ல எம்11 மோட்டார்வேல வேகமாப் போய் மாட்டினாரு, பாயிண்ட்டை அப்போ மனைவியா இருந்த விக்கி பிரைஸ் எடுத்துக்கிட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு 2013ல ரெண்டு பேருக்கும் எட்டு மாசம் ஜெயில் தண்டனை. அவரு மந்திரியாவே இருந்தவரு, 2012ல வழக்கு பதிவானதும் பதவியை விட்டாரு. ஒரு 3 பாயிண்ட்டுக்காக.

உண்மையா பதில் அனுப்பின பிறகு மூணுல ஒண்ணு வரும். 70 லிமிட்ல 79ல இருந்து 86 வரைக்கும்னா பொதுவா கோர்ஸ் தருவாங்க. அதுக்கு நாமளே காசு கட்டணும், நடத்துற இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 80ல இருந்து 100 பவுண்ட். ஆன்லைன்ல வீடியோவை ஆன் பண்ணி வச்சு உக்காரலாம், பரீட்சை எல்லாம் இல்ல, பாயிண்ட் கிடையாது. மோட்டார்வேக்குன்னே தனி கோர்ஸும் இருக்கு. ஆனா முன்னாடி பண்ணின தப்புல இருந்து மூணு வருஷத்துக்குள்ள இதே மாதிரி கோர்ஸ் போயிருந்தா மறுபடி கிடைக்காது, தகுதி இருந்தாலும் அது அவங்க தர்ற சலுகை தான், கேட்டு வாங்க முடியாது. புக் பண்ணிட்டு மறந்துட்டா வாய்ப்பு போயிடும், காலண்டர்ல போட்டு வைங்க. கோர்ஸ் கிடைச்சா யோசிக்காம எடுத்துக்கோங்கன்னு தான் நான் சொல்லுவேன்.

87ல இருந்து 95 வரைக்கும்னா, இல்ல கோர்ஸுக்குத் தகுதி இல்லைன்னா, 100 பவுண்ட் ஃபைனும் 3 பாயிண்ட்டும். முன்னாடி சொன்ன 50 லிமிட் கதையில கோர்ஸ் 64 வரைக்கும் தான், அதனால 68ல போனவருக்கு இது தான் வரும். கட்டிட்டா அத்தோட முடிஞ்சது, கோர்ட் இல்ல.

96ல இருந்து மேல போயிட்டா, 50 லிமிட்ல 76ல இருந்து மேல, பொதுவா கோர்ட். அங்க ஃபைன் உங்க வாரச் சம்பளத்தை வச்சு, வரி எல்லாம் போக கையில வர்றது. 91ல இருந்து 100 வரைக்கும்னா ஏறக்குறைய ஒரு வாரச் சம்பளம், கூட 4ல இருந்து 6 பாயிண்ட், இல்ல 7ல இருந்து 28 நாள் வரைக்கும் ஓட்டத் தடை. 101ல இருந்து மேலன்னா ஒன்றரை வாரச் சம்பளம், 6 பாயிண்ட், இல்ல 56 நாள் வரைக்கும் தடை. மோட்டார்வேல ஃபைன் அதிகபட்சம் 2500 பவுண்ட், மத்த ரோட்டுல 1000. உதாரணத்துக்கு கையில வாரம் 600 பவுண்ட் வர்றவர் 98ல மாட்டினாருன்னா 600 ஃபைன், ஆரம்பத்துலயே ஒத்துக்கிட்டா மூணுல ஒரு பங்கு குறைஞ்சு 400, அதுக்கு மேல பாதிக்கப்பட்டோர் நிதின்னு 40 சதவீதம், 160, மொத்தம் 560, அப்புறம் வழக்குச் செலவு தனி. இந்த வழக்கு பல நேரம் நேர்ல போகாமலே பேப்பர்லயே முடியும், நோட்டீஸ் வந்து 21 நாளுக்குள்ள ஒத்துக்குறேனா இல்லையான்னு பதில் சொல்லணும், வருமான விவரமும் குடுக்கணும், குடுக்கலைன்னா அவங்களே ஒரு வருமானத்தை வச்சுக் கணக்குப் போட்டுடுவாங்க.

இப்ப நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு முக்கியமான விஷயம். இந்தியா, இலங்கை லைசென்ஸை இங்க நேரா மாத்திக்க முடியாது, குடியேறி 12 மாசம் வரைக்கும் அதுல ஓட்டலாம், அப்புறம் இங்க டெஸ்ட் எழுதி, ஓட்டிக் காட்டி பாஸ் பண்ணணும். அப்படிப் பாஸ் பண்ணின நாள்ல இருந்து ரெண்டு வருஷம் நீங்க சட்டத்தோட கண்ணுல புது டிரைவர். ஊர்ல பதினஞ்சு வருஷம் லாரியே ஓட்டியிருந்தாலும் புது டிரைவர் தான். அந்த ரெண்டு வருஷத்துக்குள்ள நடந்த தப்புனால பாயிண்ட் மொத்தம் 6 ஆச்சுன்னா லைசென்ஸ் ரத்து, மறுபடி எல் போர்டு, தியரி, பிராக்டிகல் எல்லாம் முதல்ல இருந்து. பாஸ் பண்றதுக்கு முன்னாடி வாங்கின பாயிண்ட்டும், இன்னும் கணக்குல இருந்தா சேரும். இப்ப மேல சொன்னதோட சேத்துப் பாருங்க, அந்த ஒரு லெட்டருக்குப் பதில் சொல்லாததுக்கு 6 பாயிண்ட், அது ஒண்ணே போதும் லைசென்ஸ் போறதுக்கு. டெலிவரி, டாக்ஸின்னு வண்டியை நம்பிப் பொழைக்கிற குடும்பத்துக்கு அது எவ்ளோ பெரிய அடின்னு சொல்ல வேண்டியதில்ல, டெஸ்டுக்கு மறுபடி தேதி கிடைக்கிறதுக்கே எவ்ளோ நாள் ஆகுதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

பழைய டிரைவருக்கு அந்த எல்லை 12 பாயிண்ட், மூணு வருஷத்துக்குள்ள சேர்ந்தா குறைஞ்சது ஆறு மாசம் தடை. மோட்டார்வே வேகத்துக்கு லைசென்ஸ் பதிவுல எஸ்பி50னு ஒரு கோடு ஏறும், தப்பு நடந்த நாள்ல இருந்து நாலு வருஷம் இருக்கும், 12 கணக்குக்கு மூணு வருஷம் தான் எடுப்பாங்க. இன்சூரன்ஸ்ல பெரும்பாலும் அஞ்சு வருஷத்துக் கதையைக் கேப்பாங்க. கோர்ஸ் போனது தண்டனை இல்ல, ஆனா சில கம்பெனி அதையும் தனியாக் கேக்குறாங்க, கேட்டா உண்மையைச் சொல்லுங்க, மறைச்சது தெரிஞ்சா விபத்து நடக்குற அன்னைக்கு கிளெய்ம் சிக்கலாயிடும்.

விசா பத்தி. 100 பவுண்டைக் கட்டி முடிச்சது கோர்ட் தண்டனை கிடையாது. கோர்ட்ல ஃபைன் போட்டிருந்தா அது தண்டனைப் பதிவு, விசா, சிட்டிசன்ஷிப் ஃபார்ம்ல அந்தக் கேள்வி வரும்போது சொல்லியே ஆகணும். கேள்வியை வார்த்தை வார்த்தையாப் படிச்சு, கேட்டதுக்கு உண்மையா பதில் எழுதுங்க. வேகத்துக்கு வந்த ஃபைனை விட அதை மறைச்சது தான் அங்க பெருசாத் தெரியும்.

லெட்டரே வராம, உங்களுக்குத் தெரியாமயே கோர்ட்ல முடிஞ்சு போய், ஒரு நாள் ஃபைன் வசூல் பண்றவங்க கடிதம் வந்தா அதுக்கும் வழி இருக்கு. தெரிஞ்ச நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள, எனக்கு இந்த வழக்கு தெரியவே தெரியாதுன்னு சத்தியப் பிரமாணம் குடுத்தா அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணி முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. உண்மையாவே தெரியாம இருந்தா மட்டும், பொய்ச் சத்தியம் அதுவே தனிக் குத்தம். சந்தேகமா இருந்தா, வண்டி, லைசென்ஸ் பதிவைப் பாத்துக்குற அரசு அமைப்பான டிவிஎல்ஏ தளத்துல லைசென்ஸ் நம்பர், நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர், போஸ்ட்கோடு போட்டா உங்க பாயிண்ட் எல்லாம் காசில்லாமப் பாக்கலாம், நான் வருஷத்துக்கு ரெண்டு தடவை பாத்துடுவேன்.

அப்புறம் மொபைல்ல "ஸ்பீடிங் ஃபைன், இன்னைக்கே கட்டுங்க"ன்னு லிங்க்கோட வர்ற மெசேஜை நம்பிக் காசு கட்டிடாதீங்க, பயந்துட்டு இருக்கிற நேரத்துல கை தானா அதை அமுக்கிடும். முதல் நோட்டீஸ் தபால்ல தான் வரும், அதுல உங்க வண்டி நம்பர், இடம், தேதி, நேரம், வேகம் எல்லாம் போட்டிருக்கும்.