வெயில் ஏறாத காலையிலும் ஹீட் ஸ்ட்ரோக் வரும்

கத்திரி வெயில் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணிக்குச் சற்று முன்னதாக, 26 வயது இளைஞர் ஒருவரை அவருடைய நண்பர்கள் எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் எட்டாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் தள்ளாடி, பிடிக்க வந்தவர்களை ஏசி, பிறகு நினைவிழந்து விழுந்திருக்கிறார். சட்டையைப் பிழிந்தால் வியர்வை சொட்டியிருக்கும். வழியில் அக்குளில் வெப்பமானி வைத்துப் பார்த்தவர் 37.9 டிகிரி என்று சொன்னதால், லேசான காய்ச்சல்தான் என்று எல்லோரும் ஆறுதல் அடைந்திருந்தார்கள். நாங்கள் ஆசனவாய் வழியாக அளந்தபோது 41.4 டிகிரி இருந்தது. பனிக்கட்டி நீரில் நனைத்த துணிகளை அவர் உடல் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கையில் நண்பர் ஒருவர் கேட்டார்: “இன்னும் வெயிலே ஏறலையே டாக்டர், எப்படி?” இந்தக் கேள்வியை இந்தக் கோடையில் மட்டும் நான்காவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஹீட் ஸ்ட்ரோக்கைப் பல காலமாக ‘சன் ஸ்ட்ரோக்’ என்றும் ‘வெயில் தாக்கம்’ என்றும் சொல்லிப் பழகியதால், சூரியன் தலைக்கு மேல் வந்தால்தான் ஆபத்து என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். வயலிலும் சாலையிலும் நண்பகலில் வேலை செய்பவர்களுக்கு அது பெரும்பாலும் உண்மை. ஓடுபவர்களுக்கு அது பாதி உண்மைகூட இல்லை. ஓடும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளிப்படுகிறது. அந்த வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால், 5 முதல் 8 நிமிடங்களுக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் உடலின் உள்வெப்பம் ஏறிவிடும். அடுப்பு உங்களுக்குள்ளேயே எரிகிறது. அதற்குச் சூரியனின் உதவி தேவையில்லை.

அந்த வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் முதன்மையான வழி, வியர்வை ஆவியாவதுதான். வியர்வை வழிவது அல்ல, ஆவியாவது. தோலிலிருந்து வழிந்து தரையில் விழும் வியர்வையால் உடலுக்கு நீர் இழப்பு மட்டுமே மிஞ்சும், குளிர்ச்சி கிடைக்காது. சென்னையில் மே மாத விடியற்காலையில் வெப்பம் 28 டிகிரியாக இருக்கலாம், ஆனால் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். நாளின் மற்ற வேளைகளைவிட விடியற்காலையில்தான் அது உச்சத்தில் நிற்கும். கொடியில் போட்ட துணி இரவெல்லாம் காயாமல் கிடக்கும் நாளில், உங்கள் மேல் வியர்வையும் காயாது. வெயில் வேறு, புழுக்கம் வேறு என்று பிரித்துச் சொல்லத் தமிழில் சொல்லே இருக்கிறது. ஆனாலும் நாம் கைப்பேசியில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் காலணியை மாட்டிக்கொள்கிறோம்.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம், ‘நன்றாக வியர்க்கிறது, அதனால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லை’ என்பது. தோல் உலர்ந்து சூடாக இருக்கும் என்பது பெரும்பாலும் வெயிலில் தளர்ந்துபோகும் முதியவர்களைப் பற்றிய வர்ணனை. ஓடி விழுபவர்களில் பலர் வியர்வையில் குளித்தபடிதான் வருகிறார்கள். (அக்குள் வெப்பமானியை நம்பி ஏமாந்த மருத்துவர்களும் உண்டு, பயிற்சிக் காலத்தில் நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.) ஓட்டத்தின் நடுவில் ஒருவர் உளறினாலோ, காரணமின்றிக் கோபப்பட்டாலோ, நேராக நடக்க முடியாமல் தடுமாறினாலோ, வேறு சான்று தேடாமல் ஹீட் ஸ்ட்ரோக் என்றே கொள்ளுங்கள்.

எடை குறைவதற்காகப் பிளாஸ்டிக் மேலங்கி அணிந்து கடற்கரையில் ஓடுபவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. குறைவது நீர் மட்டுமே. இரண்டு குவளை தண்ணீர் குடித்தால் அந்த எடை திரும்பிவிடும். 1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி வியர்வை ஆவியாகாத உடையோடு உடற்பயிற்சி செய்து, போட்டிக்காக எடை குறைக்க முயன்றபோது இறந்தார்கள். தயவுசெய்து அந்த உடையைத் தூக்கி எறியுங்கள்.

ஒருவர் விழுந்துவிட்டால், ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்து சும்மா நிற்காதீர்கள். 108ஐ அழைத்த கையோடு நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடைகளைத் தளர்த்தி, கிடைக்கும் தண்ணீரை உடல் முழுவதும் இடைவிடாமல் ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி நீர் நிரப்பிய தொட்டி இருந்தால், தலையைத் தாங்கிப் பிடித்தபடி கழுத்து வரை அதில் அமிழ்த்துவதே சிறந்தது. முதல் அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பத்தை 39 டிகிரிக்கு அருகில் இறக்குவதுதான் மூளையையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றுகிறது. பாரசிட்டமால் பயன்படாது. நினைவில்லாதவர் வாயில் சோடாவோ குளுக்கோஸோ ஊற்றக் கூடாது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை இன்றும் பார்க்கிறேன். அந்தக் கைக்கு ஒரு வாளித் தண்ணீரைக் கொடுங்கள்.

தண்ணீர் நிறையக் குடித்தால் போதும் என்பதும் சரியல்ல. தாகத்துக்கு மேல் லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மாத்திரைகளைப் பற்றியும் ஒரு சொல்: முட்டிவலிக்கு என்று ஓட்டத்துக்கு முன் டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரோஃபெனோ போட்டுக்கொள்ளாதீர்கள். நீர் வற்றிய சிறுநீரகத்துக்கு அது இரண்டாவது அடி. ஓடிய பின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போன வாரத்தில் ஓட வேண்டாம்.

மழையில் ஓடுவதில் உடல் வெப்பத்துக்குச் சிக்கல் குறைவு, மற்றவற்றுக்கு அதிகம். இடி கேட்டால் ஓட்டம் முடிந்தது என்று பொருள்; மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள். தேங்கிய நீரில் கால் வைக்காதீர்கள். அதற்கடியில் திறந்த சாக்கடையோ மின்கசிவோ இருக்கலாம், காலில் சிறு புண் இருந்தால் எலிக்காய்ச்சலும் தொற்றலாம்.

கோடையில் ஓடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெப்பத்துக்குப் பழக உடலுக்கு 10 முதல் 14 நாட்கள் தேவைப்படுகின்றன. குளிரூட்டிய அறையில் மாதக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பதக்கத்துக்காக மட்டும் வெளியே இறங்குபவருக்கு அந்தப் பழக்கம் இருக்காது. கடிகாரம் காட்டும் வேகத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் ஓடுபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடியும் வேகத்தில் ஓடுங்கள். ஓட்டம் நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: டி-சர்ட்டுக்கும் மேடைக்கும் செலவழிப்பதில் ஒரு பகுதியை எல்லைக்கோட்டருகே பனிக்கட்டி நீர்த் தொட்டி வைக்கச் செலவிடுங்கள்.

அந்த இளைஞர் ஆறாம் நாள் வீடு திரும்பினார். புறப்படும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த ஓட்டம் எப்போது? குறைந்தது ஒரு வாரம் முழு ஓய்வு, பிறகு கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் சீரான பின்னர் முதலில் நடை, அதுவும் துணையோடு, என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் அம்மா அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.