ஜெர்மனியில் செவிலியர் அங்கீகாரம்: உதவியாளராகச் சேர்ந்தவர் செவிலியராகும் வழி

நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படித்து, ஐ.சி.யூ.வில் ஐந்து ஆண்டு இரவுப் பணி பார்த்தவராக இருந்தாலும், ஜெர்மனியில் வேலைக்குச் சேரும் முதல் நாளில் பெரும்பாலும் அவர் செவிலியர் அல்லர். சட்டப்படி பராமரிப்பு உதவியாளர். அங்கே 'ஃப்ளேகேஃபாஹ்ஃபிராவ்', ஆணாக இருந்தால் 'ஃப்ளேகேஃபாஹ்மன்' என்பது பாதுகாக்கப்பட்ட பட்டம். அரசின் அனுமதிப் பத்திரமான 'உர்குண்டே' கையில் இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது.

இது கௌரவப் பிரச்சினை மட்டுமல்ல. முதியோர் பராமரிப்புத் துறையில் 2025 ஜூலை முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சக் கூலி உதவியாளருக்கு மணிக்கு 16.10 யூரோ, தகுதி பெற்ற செவிலியருக்கு 20.50 யூரோ. மாதம் 160 மணி நேரம் என்று வைத்தால் வித்தியாசம் 704 யூரோ. அங்கீகாரம், அதாவது உர்குண்டே கிடைப்பது, ஒவ்வொரு மாதம் தள்ளிப்போகும்போதும் போவது அந்தப் பணம்.

ஜெர்மனியில் 16 மாநிலங்கள். எந்த மாநிலத்தில் வேலை செய்யப் போகிறோமோ அந்த மாநிலத்தின் அதிகாரியிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கேட்கும் காகிதங்களும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகவே பவேரியாவில் இருக்கும் தோழி அனுப்பிய பட்டியலை வைத்துக்கொண்டு ஹெஸ்ஸனில் விண்ணப்பிக்காதீர்கள். எங்கே விண்ணப்பிப்பது என்று தெரியாவிட்டால், பான் நகரில் இயங்கும் 'சென்ட்ரால செர்வீஸ்ஷ்டெல்ல பெரூஃப்ஸ்அனெர்கென்னுங்' என்ற அரசு ஆலோசனை மையம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இலவசமாக வழிகாட்டுகிறது. இதே தகவலுக்கு ஏஜெண்டிடம் பணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் மனம் நோகிறது.

அதிகாரி நான்கு விஷயங்களைப் பார்ப்பார்: படிப்பு ஜெர்மன் படிப்புக்குச் சமமா, மொழி போதுமா, உடல்நிலை தகுதியானதா, குற்றப் பின்னணி ஏதும் உண்டா. கடைசி இரண்டுக்கும் மருத்துவச் சான்றும் காவல்துறைச் சான்றும் போதும். அவை பழையதாகிவிட்டால் செல்லாது என்பதால் கடைசியில் எடுப்பதே நல்லது. மொழிக்குப் பொதுவாக ஜெர்மனில் பி2 நிலை தேவை; ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறும் ஐரோப்பிய மொழி அளவில் இது நான்காவது படி.

சிக்கல் முதல் விஷயத்தில்தான். ஜெர்மன் செவிலியர் பயிற்சி மூன்று ஆண்டு, 4,600 மணி நேரம். அதில் 2,100 மணி வகுப்பறை, 2,500 மணி நேரடிப் பணி. நம் படிப்பையும் அவர்கள் மணிக்கணக்கில்தான் எடை போடுகிறார்கள். மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. எந்தப் பாடத்தில் எத்தனை மணி வகுப்பு, எந்த வார்டில் எத்தனை மணி பயிற்சி என்று கல்லூரியோ பல்கலைக்கழகமோ முத்திரையிட்டுக் கொடுத்த விவரம் வேண்டும். இதை ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். தமிழ்நாடு செவிலியர் குழுமத்தின் பதிவுச் சான்று, பணி அனுபவச் சான்றுகள் ஆகியவற்றையும் சேர்த்து, மூலப் பிரதிகளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஏஜெண்டிடமோ முதலாளியிடமோ மூலத்தை ஒப்படைக்கவே கூடாது.

காகிதங்கள் முழுமையாகச் சேர்ந்தபின் வரும் கடிதத்தை நம்மவர்கள் 'டெஃபிசிட் பெஷைட்' என்கிறார்கள், அதாவது குறைபாட்டு அறிக்கை. அதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. அழ வேண்டியதில்லை. அது நிராகரிப்பு அல்ல. உங்கள் படிப்பில் எது குறைகிறது என்ற பட்டியல், அவ்வளவுதான். முதியோர் பராமரிப்பு, வீட்டுக்குச் சென்று பார்க்கும் பராமரிப்பு போன்றவற்றுக்கு ஜெர்மன் பயிற்சி தரும் இடம் பெரியது. நம் ஊரில் நோயாளியைத் துடைத்துவிடுவதும் ஊட்டிவிடுவதும் பெரும்பாலும் கூட இருக்கும் உறவினர் வேலை. அங்கே அதுவும் செவிலியரின் தொழில். நோயாளியின் உடலில் என்ன மாற்றம் என்று கண்டுபிடிக்கும் நேரமே அதுதான் என்பது அவர்கள் எண்ணம். இது புரிந்தால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

குறையை ஈடுகட்ட இரண்டு வழிகள். ஒன்று 'கென்ட்னிஸ்ப்ரூஃபுங்' என்ற தேர்வு. வாய்மொழிப் பகுதி 45 முதல் 60 நிமிடம். செய்முறைப் பகுதியில் இரண்டு முதல் நான்கு நோயாளிச் சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 120 நிமிடம். தவறினால் தவறிய பகுதியை ஒரு முறை மட்டும் மீண்டும் எழுதலாம். மற்றொன்று 'அன்பாசுங்ஸ்லேர்காங்' என்ற தகவமைப்புப் பயிற்சி. குறைந்த பாடங்களையும் வார்டுகளையும் முடித்து, இறுதியில் ஓர் உரையாடலோடு நிறைவு பெறும். தேர்வு பயம் உள்ளவர்களுக்கு இரண்டாவதையே சொல்வேன். காலம் கூடுதலாகலாம், ஆனால் ஒரே நாளில் எல்லாம் தீர்மானிக்கப்படுவதில்லை. 2024 முதல் இன்னொரு வசதியும் உண்டு: விரிவான ஒப்பீட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, நேரடியாக இந்த இரண்டில் ஒன்றுக்குப் போகலாம்.

விசா விஷயத்துக்கு வருவோம். குடியிருப்புச் சட்டத்தின் 16டி பிரிவு, அங்கீகாரம் பெறுவதற்காகவே வந்து தங்கி வேலை செய்ய இடம் தருகிறது. வழக்கமான பாதையில் குறைபாட்டு அறிக்கை ஊரிலிருந்தே வாங்கியிருக்க வேண்டும். முதலில் 24 மாதம் வரை, தேவைப்பட்டால் மேலும் 12 மாதம். 2024 மார்ச் 1 முதல் 'அங்கீகாரக் கூட்டாண்மை' என்ற புதிய பாதையும் திறந்தது. இதில் அறிக்கைக்காக ஊரில் காத்திருக்க வேண்டாம். குறைந்தது இரண்டு ஆண்டு படித்துப் பெற்ற, அரசு ஏற்ற தகுதி, ஏ2 நிலை ஜெர்மன், வேலை ஒப்பந்தம் ஆகியவை இருந்தால் போதும். அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பேன் என்று செவிலியரும், அதற்கு வழி செய்து கொடுப்பேன் என்று முதலாளியும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் ஓர் ஆண்டு, மொத்தம் மூன்று ஆண்டு வரை நீட்டிக்கலாம்.

ஏ2 போதும் என்பது கதவைத் திறக்க மட்டும்தான். பி2 இல்லாமல் உர்குண்டே கிடைக்காது. எட்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு மாலையில் மொழி வகுப்புக்குப் போவது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். முடிந்தால் பி1-ஐயாவது ஊரிலேயே முடித்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: 'இத்தனை ஆண்டுக்குள் விலகினால் மொழிப் பயிற்சி, விமான டிக்கெட், ஏஜென்சிச் செலவு எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும்.' ஆயிரக்கணக்கான யூரோ கடனாக நிற்கும் என்று பயந்து, வகுப்புக்கே விடாத இடத்தில் வாய்மூடி வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இப்படி எழுதப்பட்ட எல்லா நிபந்தனையும் நீதிமன்றத்தில் நிற்பதில்லை. கையெழுத்திட்ட பிறகும் வேலை உரிமை பற்றி ஆலோசனை தரும் 'ஃபேர இன்டெக்ரட்சியோன்' மையங்களில் ஒப்பந்தத்தை இலவசமாகக் காட்டிக் கேட்கலாம். 'ஃபேர அன்வெர்புங் ஃப்ளேக டாய்ச்லாண்ட்' என்ற அரசு முத்திரை பெற்ற நிறுவனங்கள் ஆள்சேர்ப்புச் செலவைச் செவிலியர் தலையில் சுமத்தக் கூடாது. போகும் முன் அந்த முத்திரை உண்டா என்று பாருங்கள்.

அதிகாரியின் முடிவில் தவறு இருப்பதாகத் தோன்றினால் எதிர்ப்புத் தெரிவிக்கும் கெடு பொதுவாக ஒரு மாதம். எங்கே, எப்படி என்பது கடிதத்தின் கடைசியில் இருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. தயவுசெய்து படியுங்கள்.

உர்குண்டே வந்த அன்றே அதன் நகலை முதலாளிக்கு எழுத்தில் அனுப்பி, செவிலியருக்கான சம்பளத்தைக் கேளுங்கள். பிறகு வெளிநாட்டினர் அலுவலகத்தில் குடியிருப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவின் கீழ் திறன் பணியாளர் அனுமதிக்கு மாறுங்கள். அந்த வகை அனுமதியோடு மூன்று ஆண்டு முடிந்தால், 36 மாத ஓய்வூதியப் பங்களிப்பும் பி1 மொழியும் இருக்கும்போது நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். உதவியாளராகக் கட்டிய ஓய்வூதியப் பங்களிப்பு வீணாகாது. ஆனால் அந்த மூன்று ஆண்டுக் கணக்கு 18ஏ அனுமதி கைக்கு வரும் நாளில்தான் தொடங்குகிறது.